இரண்டாம் தளிர் வரும்வரை

நர்சரியின் பின்வரிசையில், விலைபோகாது என்று ஒதுக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் கிடக்கும் தொட்டி மரமே சிங்கப்பூர்ப் போன்சாய்க்காரருக்குக் கிடைக்கும் சிறந்த மூலப்பொருள். ஜப்பானில் மலைச்சரிவுகளிலிருந்து முதிர்ந்த மரங்களைப் பெயர்த்து வரும் பழக்கம் உண்டு. அதை யமடோரி என்பார்கள். சுமார் 735 சதுர கிலோமீட்டர் பரப்பே உள்ள தீவில் அதற்கு வழியில்லை. இயற்கை வனப்பகுதிகளிலும் பொதுப் பூங்காக்களிலும் அனுமதியின்றி ஒரு செடியைப் பிடுங்குவதும் குற்றம். அடிமரம் பருத்த பழைய மரம் வேண்டுமென்றால் சுங்கை தெங்கா, ஈசூன், கிராஞ்சி பக்கத்துச் செடிப்பண்ணைகளின் மூலைகளில்தான் தேட வேண்டும்.

அங்கே அதிகம் கண்ணில் படுபவை கல்லிச்சி, காகிதப்பூ, ஆரஞ்சு ஜாஸ்மின், வாட்டர் ஜாஸ்மின். கடைசியாகச் சொன்னது தமிழருக்கு அந்நியமான மரமல்ல. வெட்பாலையின் பேரினத்தைச் சேர்ந்தது, கிள்ளினால் அதைப் போலவே பால் வடியும். கவனிப்பாரின்றிக் கிடந்ததால் இம்மரங்களுக்கு ஒரு நன்மையும் வாய்த்திருக்கும். தொட்டியின் துளை வழியாக வேர் இறங்கி நிலத்தைப் பிடித்துவிட்டால் அடிமரம் வேகமாகப் பருக்கும். அந்தப் பருமனை எந்தக் கைத்திறனாலும் சில மாதங்களில் வரவழைக்க முடியாது. கிளை இல்லாவிட்டால் வளர்த்துக்கொள்ளலாம். வாங்கும்போது பார்க்க வேண்டியது அடிமரத்தையும், அது மண்ணைத் தொடும் இடத்தையும்தான்.

அந்த இடம் பெரும்பாலும் மறைந்தே இருக்கும். மேலே மேலே மண் போட்டதால் நெபாரி எனப்படும் மேல்வேர்ப் பரப்பு சில அங்குல ஆழத்தில் புதைந்து கிடக்கும். ஒரு குச்சியால் மண்ணை விலக்கிப் பார்த்தால் வேர்கள் எல்லாப் பக்கமும் விரிகின்றனவா, அல்லது தொட்டிச் சுவரைச் சுற்றிச் சுருண்டு அடிமரத்தையே நெரிக்கின்றனவா என்பது தெரியும். பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பார்ப்பதும் வழக்கம்; உள்ளே பச்சை இருந்தால் அந்தப் பகுதியில் உயிர் இருக்கிறது. இறுகிப்போன மேல்மண் மரத்துக்கு மட்டும் கேடல்ல. அதில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். இறுகிய மண்ணைக் கிளறிவிடுவதும் தொட்டித் தட்டின் நீரைக் கொட்டுவதும் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் டெங்கித் தடுப்பு அறிவுரைகளில் இடம்பெறுபவை. ஆகவே வீட்டுக்கு வந்த மரத்துக்கு அன்றே செய்ய வேண்டிய வேலை மண்ணைக் கிளறுவது ஒன்றுதான்.

மற்ற எதையும் அன்று செய்யக்கூடாது. மீட்க நினைத்த மரங்கள் அதிகம் சாவது இந்த இடத்தில்தான். காலையில் வாங்கி, மாலைக்குள் தலையை வெட்டி, வேரைக் கழுவி, கம்பி சுற்றி, ஆழமில்லாத தட்டில் நட்டுவிடுகிறார்கள். ஆண்டு முழுதும் வெயிலும், சுமார் 2,100 மில்லிமீட்டர் மழையும் உள்ள ஊரில் எதுவும் பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம். இரண்டு மூன்று வாரத்தில் தளிரும் வரும், நம்பிக்கை உறுதியாகும். ஆனால் அந்த முதல் தளிர் வேர் பிடித்ததற்குச் சான்றல்ல. அடிமரத்திலும் தடித்த வேர்களிலும் சேர்ந்திருந்த மாவுச்சத்தைச் செலவழித்தே மரம் அதை விடுகிறது. புதிய உறிஞ்சுவேர்கள் உருவாகும் முன் அந்தச் சேமிப்பு தீர்ந்தால் தளிர் வாடும், மரமும் போகும். முதல் தளிரின் இலைகள் முற்றிக் கரும்பச்சையாகி, அவை சமைத்த உணவால் இரண்டாம் முறை துளிர்த்தால்தான் மரம் தேறியதாகக் கொள்ளலாம். தொட்டி முன்னைவிட வேகமாகக் காய்வதும், மரத்தை மெல்ல அசைத்தால் ஆடாமல் நிற்பதும் துணைச் சான்றுகள்.

குளிர்நாட்டுப் போன்சாய் நூல்கள் வேர் வேலைக்கு வசந்தத் தொடக்கத்தைக் குறிக்கின்றன. பூமத்தியரேகைக்கு வடக்கே ஒரு பாகைக்குச் சற்று அதிகமான தொலைவில் இருக்கும் ஊரில் அந்த நாட்காட்டி உதவாது. ஒவ்வொரு பெரிய வேலைக்கும் இடையே இரண்டாம் தளிரே இங்கே நாட்காட்டி. முதலில் சில மாதம் நல்ல வெயில், ஒழுங்கான தண்ணீர், மாவுப்பூச்சி ஒழிப்பு. அதன்பின் வேர். சுருண்ட வேர்களை வெட்டி, பழைய மண்ணில் பாதியை மட்டும் நீக்கி, சுட்ட மண்ணும் உடைத்த செங்கல்லும் போல நீர் வடியும் கலவையில் ஆழமான தொட்டியிலேயே நட வேண்டும். மீதிப் பாதிக்கு அடுத்த முறை. கல்லிச்சி வேரில் கடுமையான வெட்டையும் தாங்கும். காகிதப்பூவின் வேர் எளிதில் ஒடியும். அதன் வேர்க்கட்டியை உதறாமல் தூக்கி வைப்பதே நல்லது. நவம்பர் முதல் ஜனவரி வரை அடைமழை பெய்யும்போது, புதிதாக நட்ட தொட்டியைக் கூரைக்கடியில் வைக்காவிட்டால் வெட்டிய வேர் அழுகும்.

மேல்வேர் ஒரு பக்கம் மட்டுமே இருந்தாலோ, அடி சிதைந்திருந்தாலோ அந்த மரத்தைக் கழித்துவிட வேண்டியதில்லை. கல்லிச்சியில் விண்பதியம் மிக எளிது. நல்ல வடிவம் தொடங்கும் இடத்துக்குக் கீழே பட்டையை வளையமாக உரித்து, ஈரப்பாசி கட்டி மூடினால் சில வாரங்களில் சுற்றிலும் வேர் விடும். அதற்குக் கீழே அறுத்துத் தனி மரமாக்கலாம்.

வடிவமைப்பு கடைசியில் வருவது. குவாங்தோங்கில் வளர்ந்த லிங்னான் மரபு, கிளையை வளரவிட்டு வெட்டி, அடுத்த கிளையை வேறு திசையில் வளரவிட்டு மீண்டும் வெட்டும் முறை. வெப்ப மண்டலத்துக்கு அதுவே பொருந்துகிறது. இங்கே கம்பி சுற்றினால் சில வாரங்களிலேயே பட்டைக்குள் பதிந்து, பல ஆண்டு மறையாத தழும்பை விட்டுவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் வெயில் வேண்டும். தேக்கா சந்தையை ஒட்டிய பஃபலோ ரோடு அடுக்குமாடிகளிலும் மற்ற வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளிலும் தாழ்வாரத்துக்கு அரைநாள் வெயில் கிடைத்தாலே அதிகம்; ஆபத்து நேரத்தில் வெளியேற 1.2 மீட்டர் வழியும் விட்டாக வேண்டும். அத்தகைய இடத்தில் ஒரு கல்லிச்சி தாக்குப்பிடிக்கும், காகிதப்பூ பூக்காது. வாட்டர் ஜாஸ்மின் நன்றாகத் தேறிய பிறகு அதன் இலைகளை முழுதும் உருவிவிட்டால் புதுத் தளிரோடு அரும்பும் சேர்ந்து வரும், வெள்ளைப் பூக்கள் தரைநோக்கித் தொங்கி மணக்கும். தேறாத மரத்தில் அதே வேலையைச் செய்தால் தளிர் மட்டும் வரும், சில சமயம் அதுவும் வராது.