மட்டியை அடையாளம் காணலாம்... அதிலிருக்கும் விஷத்தை?

புதுச்சேரியில் மீன் வாங்கும் வீடுகளுக்கு மட்டி புதிதில்லை. ஆனால், கூறு கட்டி வைத்திருப்பதைக் காட்டி ‘இது எந்த மட்டி?’ என்று கேட்டால் நம்மில் பலர் முழிப்போம்.

நம் கிழக்குக் கடற்கரையில் பரவலாகக் கிடைக்கும் மட்டியின் அறிவியல் பெயர் மெரெட்ரிக்ஸ் காஸ்டா. அரியாங்குப்பம், சுண்ணாம்பாறு முகத்துவாரங்கள் போல ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடங்களில், சேறு கலந்த மணலில் புதைந்து வாழும் இனம் இது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* ஓடு தடிமனாக, முனை மழுங்கிய முக்கோணம் போல இருக்கும். தடவினால் வழுவழுப்பு. வெளியே மஞ்சள் கலந்த பழுப்பு, உள்ளே வெள்ளை.

* ஓட்டில் விசிறி மடிப்பு போல ஆழமான வரிகள் இருந்தால் அது ரத்த மட்டி. நம் ரத்தத்தில் உள்ள அதே ஹீமோகுளோபின் இருப்பதால் சதையும் சிவப்பாக இருக்கும்.

* நீளமாக, பாறையில் கொத்தாக ஒட்டியிருந்தால் அது ஆழி.

வாங்கும்போது ஓடு மூடியிருக்க வேண்டும். திறந்திருப்பதைத் தட்டினால் மூடிக்கொள்ள வேண்டும். மூடாதது செத்தது, ஒதுக்கிவிடுங்கள்.

இவ்வளவும் பார்த்து வாங்கினால் போதுமா? 1981-ல் தமிழகக் கடலோரக் கிராமமான வயலூரில் நடந்ததைக் கேளுங்கள். இதே மெரெட்ரிக்ஸ் காஸ்டா மட்டியைச் சாப்பிட்ட 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 3 பேர் இறந்துபோனார்கள்.

தவறு மட்டியின் மீது இல்லை. அது தண்ணீரை வடிகட்டி, நுண்பாசிகளைச் சாப்பிடும். சிலவகை நுண்பாசிகள் சாக்ஸிடாக்ஸின் என்ற நரம்பு விஷத்தை உண்டாக்கும். அவை கடலில் பெருகும் நாள்களில் விஷம் மட்டியின் உடலில் சேர்ந்துவிடும். நிறம், மணம், ருசி எதுவும் மாறாது. கொதிக்க வைத்தாலும் விஷம் போகாது.

அதனால், தண்ணீர் நிறம் மாறியிருந்தாலோ, மீன்கள் செத்து மிதந்தாலோ அங்கே மட்டி எடுக்காதீர்கள். சாப்பிட்ட சிறிது நேரத்தில் உதடு, நாக்கு, விரல்கள் மரத்துப்போனால் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். இந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. ஆனால், மூச்சுத் திணறும் முன் மருத்துவமனைக்குப் போய்விட்டால், செயற்கை சுவாசம் கொடுத்துக் காப்பாற்ற முடியும்.

டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது, ‘மட்டி சாப்பிட்டோம்’ என்பதைத்தான்.