ரூ.20 லட்சம் மானியம்: கருவிப் பட்டியல் மட்டும் போதுமா?

பள்ளியில் ரோபோட்டிக்ஸ் லேப் வேணும்னா விண்ணப்பத்தில் முதலில் என்ன எழுதுவாங்க? '3டி பிரிண்டர் 1, சென்சார் கிட் 10.' கடலூர், சிதம்பரம் பள்ளிகளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் வாசலிலேயே இருக்கு.

2004-ல் சுனாமி, 2011-ல் தானே புயல், 2015-ல் வெள்ளம் என எல்லாவற்றையும் பார்த்த மாவட்டம் இது. 'மழைக்காலத்தில் வாய்க்கால் நீர்மட்டத்தை 9-ம் வகுப்பு மாணவர்களே சென்சார் வைத்து அளப்பார்கள்' என்று எழுதினால், எந்தக் கருவி எதற்கு என்பது நிதி தருபவருக்கு உடனே புரியும்.

அடுத்தது, தொடர்ந்து நடத்துவது. நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் மானியம் ரூ.20 லட்சம் வரை. அதில் 10 லட்சம் லேப் அமைக்க. மீதி 10 லட்சம் ஐந்தாண்டு நடத்த. பாதிப் பணம் பராமரிப்புக்கே! பொறுப்பு ஆசிரியர் மாறுதலாகிப் போனால் லேப் சாவி யாரிடம்? இதற்குப் பதில் இல்லாத விண்ணப்பம் அரைகுறைதான்.

உதவி கேட்க இடமும் இருக்கு. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், நெய்வேலியில் என்எல்சி, அரசுப் பள்ளிகளுக்கு 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம். ஆபீஸில் தினமும் புரபோசல் எழுதும் முன்னாள் மாணவர்கள், ஒரு சனிக்கிழமை பழைய பள்ளிக்குப் போய் ஆசிரியரோடு உட்கார்ந்தாலே பாதி வேலை முடிஞ்சிடும்.