களைப்பெல்லாம் வயசு இல்லை

வேலூர் வெயிலைப் பற்றி நம்மவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆறு வருடத்துக்கு முன், அக்னி நட்சத்திரம் நடக்கும் ஒரு ராத்திரி, என் மனைவி எழுந்து ஃபேனை நிறுத்தினாள். "குளிருதுங்க" என்றாள். நான் எரிந்து விழுந்தேன். அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

அவள் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் மிஷினில் உட்கார்ந்து தைத்தவள். நான் டேனரியில் கணக்கு எழுதியவன். ஓய்வு பெற்ற பிறகு அவளுக்கு எப்போதும் களைப்பு. முகம் உப்பியது, முடி கொட்டியது, மலச்சிக்கல், குரலும் கரகரத்தது. "மிஷின்ல தேய்ஞ்ச உடம்பு" என்பாள் அவள். "வயசாச்சு இல்லே" என்பேன் நான்.

ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு 190 என்று வந்தது. கொலஸ்ட்ரால் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில் தொடை வலித்து மாடிப்படி ஏற முடியாமல் போனது. வேறொரு மருத்துவரிடம் போனோம். அவர் நாடி பிடித்துப் பார்த்தார், 52. "தைராய்டு பார்த்தீங்களாம்மா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. பார்த்தபோது டி.எஸ்.எச். 62. சாதாரணமாக அது நான்கு, ஐந்துக்குள் இருக்க வேண்டும்.

பலரும் இந்த எண்ணைப் பார்த்து "தைராய்டு ஜாஸ்தி" என்கிறார்கள். அது தவறு. டி.எஸ்.எச். மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருவது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் அது சூப்பர்வைசர். லைனில் வேலை மந்தமானால் சூப்பர்வைசர் சத்தம் போடுவார். சத்தம் அதிகம் என்றால் கழுத்தில் உள்ள தைராய்டு குறைவாக வேலை செய்கிறது என்று பொருள்.

இதற்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? ரத்தத்தில் உள்ள கெட்ட கொழுப்பை இழுத்து அப்புறப்படுத்துவது கல்லீரல். அதற்குத் தைராய்டு ஹார்மோன் வேண்டும். அது குறைந்தால் கொழுப்பு ரத்தத்திலேயே தங்கும். ரத்தக்குழாய் விறைப்பாகும், பிரஷரில் கீழ் எண் ஏறும், இதயத் துடிப்பு மந்தமாகும். தைராய்டைக் கவனிக்காமல் கொலஸ்ட்ரால் மாத்திரை மட்டும் கொடுத்தால் தசை வலி வர வாய்ப்பும் கூடுதல்.

இது புதிய சங்கதியும் இல்லை. 1918-லேயே ஹெர்மன் சோண்டெக் என்ற ஜெர்மன் மருத்துவர், தைராய்டு குறைந்தவர்களின் இதயம் வீங்கி மெதுவாகத் துடிப்பதையும், தைராய்டு மருந்து கொடுத்தால் அது பழைய அளவுக்குத் திரும்புவதையும் எழுதிவைத்தார். அதற்கும் முன்பு, 1891-ல், இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர் ஆட்டின் தைராய்டைச் சாறெடுத்து 46 வயதுப் பெண்ணுக்கு ஊசி போட்டார். அந்த அம்மாள் இன்னும் 28 வருடம் வாழ்ந்தார். ஆட்டுத்தோலில் பிழைத்த ஊர்க்காரன் நான். அந்த ஆட்டின் கழுத்தில் இப்படி ஒரு மருந்து இருந்தது என்று அறுபத்தெட்டு வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

சென்னை உட்பட இந்தியாவின் எட்டு நகரங்களில் 5,376 பேரைச் சோதித்து 2013-ல் ஓர் ஆய்வு வெளியானது. நூற்றுக்கு ஏறக்குறைய பதினோரு பேருக்குத் தைராய்டு குறைவு. அவர்களில் மூன்றில் ஒருவருக்கு அதுவரை விஷயமே தெரியாது.

என் கருத்து இதுதான். நாற்பது தாண்டிய பெண்ணுக்குக் கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறது, களைப்பும் இருக்கிறது என்றால், ஆயுளுக்கும் மாத்திரை எழுதும் முன் ஒரு டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். மருத்துவர் சொல்லாவிட்டால் நாமே கேட்க வேண்டும். ஷூ கம்பெனியில் வேலை செய்யும் ஆயிரக்கணக்கான பெண்கள் களைப்பைச் சம்பளத்தோடு வரும் பொருளாக எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டில் உள்ள நாமும் அப்படியே விட்டுவிடுகிறோம்.

அதற்காக எண் லேசாக ஏறியதும் பயந்துபோய் மாத்திரை போடவும் கூடாது. 55,000 பேரின் விவரங்களைத் திரட்டி 2010-ல் பார்த்தபோது, டி.எஸ்.எச். பத்தைத் தொட்டவர்களுக்கே இதய நோய் அபாயம் தெளிவாகக் கூடியிருந்தது. 65 வயது தாண்டி, லேசான குறைவு உள்ளவர்களுக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டு ஆய்வில், களைப்பு பெரிதாகக் குறையவில்லை. அளவுக்கு மீறினால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும், எலும்பும் தேயும். இதய நோய் உள்ளவர்களுக்குச் சின்ன அளவில் ஆரம்பித்து மெல்ல ஏற்றுவார்கள். ஆகவே மருத்துவர் சொல்லாமல் எதையும் ஆரம்பிக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

என் மனைவி இப்போது விடிந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை போடுகிறாள். அரை மணி நேரமாவது கழித்துத்தான் காபி. கால்சியம் மாத்திரைக்கு நான்கு மணி நேரம் இடைவெளி. எட்டு மாதத்தில் கெட்ட கொழுப்பு 118-க்கு இறங்கியது. நாடி 70.

அவள் களைப்பை நான் மூன்று வருடம் வயசு என்று சொல்லித் தள்ளினேன். இதைப் படிக்கும் என் வயதுக்காரர்கள் அந்தத் தவறைச் செய்ய வேண்டாம். இன்றைக்கு வீட்டில் ஒரு முறை கேளுங்கள்: "உனக்குக் குளிருதா?"