இரண்டு தமக்கையர்

சமண சமயத்தில் தருமசேனர் என்னும் பெயருடன் விளங்கிய திருநாவுக்கரசரைக் கொடிய சூலைநோய் பற்றியது. உடனிருந்தோர் செய்த மந்திரங்கள் எவையும் பலிக்கவில்லை. ஆற்றாது தவித்தவர், இரவோடு இரவாகத் திருவதிகைக்குத் தம் தமக்கையார் திலகவதியாரை நாடி வந்தார். தம்மை விட்டு நெடுங்காலம் விலகியிருந்த தம்பியை அந்த அம்மையார் பழித்துரைக்கவில்லை. திருநீறு அளித்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். சூலை நீங்கியது இறைவன் சந்நிதியில்; ஆனால் அதற்கு முன்பே, கடிந்துகொள்ளாத அந்த அன்பு முதல் மருந்தாக அமைந்துவிட்டது.

சென்ற நூற்றாண்டிலும் ஒரு தமக்கை இருந்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ஆம் ஆண்டு புற்றுநோயால் மறைந்தார். நோய் இன்னதென்று உரிய காலத்தில் அறியப்படவில்லை. அந்தத் துயரத்தைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல், பிறர் துயர் துடைக்கும் பணியாக மாற்றினார் அவர். 1954-ஆம் ஆண்டு அடையாறில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. மறு ஆண்டு அங்கு இளம் மருத்துவராகச் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் மறையும்வரை அந்த வளாகத்தையே தம் இல்லமாகக் கொண்டார். வறியவர் என்பதற்காக எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படலாகாது என்பதே அவரது நெறியாக இருந்தது.

வடக்கே மணலியிலிருந்து மூதாட்டி ஒருவர் இத்தகைய மருத்துவமனைக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறச் செல்வதாகக் கொள்வோம். வாரத்தில் ஐந்து நாள், பல வாரங்கள் செல்ல வேண்டும். நகரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பயணம். சில நிமிடங்களே நீடிக்கும் சிகிச்சையின்போது அறையில் அவர் மட்டுமே இருப்பார். கனத்த கதவு மூடிக்கொள்ளும். "அசையாமல் படுத்திருங்கள் அம்மா, நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்" என்று ஒலிபெருக்கியில் வரும் ஊழியரின் குரலே அப்போது அவருக்குத் துணை. புண்ணைத் துடைக்கையில் முகம் சுளிக்காத செவிலியரும், சக்கர நாற்காலியை மெல்லத் தள்ளிச் செல்லும் பணியாளரும், "இத்தனை நாள் ஏன் மறைத்தீர்கள்?" என்று குற்றஞ்சாட்டாத மருத்துவரும் திலகவதியாரின் வழியில் நிற்பவர்களே.

நம் வீட்டு முதியோர் பலர், பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவோம் என்று அஞ்சிக் கட்டியையும் இரத்தப்போக்கையும் மறைத்து விடுகின்றனர். முன்வினை என்று எண்ணி நாணுவோரும் உண்டு. புற்றுநோய் ஒருவரைத் தொட்டால் மற்றவருக்குப் பரவுவதன்று. அது அவமானமும் அன்று. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் குணப்படுத்தும் வாய்ப்பு மிகுதி. நாவுக்கரசரே தம் வலியை மறைக்கவில்லை. தமக்கையிடம் சென்று சொன்னார்.

திருவொற்றியூர் வடிவுடையம்மன் சந்நிதியில் கண்ணீருடன் சொல்லும் வலியை, அன்றைக்கே வீட்டில் மகளிடமும் மறுநாள் மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும். கேட்பதற்கும் தாங்குவதற்கும் அம்பிகை அங்கேயும் மனிதர்களை வைத்திருக்கிறாள்.