அவர்களுக்கு ஊக்கத்தொகை, எங்களுக்குப் பதவி உயர்வு

பொதுக்கொள்கை படித்துவிட்டுச் சுகாதாரம், கல்வி என்று களத்தில் இறங்கியவர்கள் நாங்கள். ‘மக்கள் தலைமையில்’ என்று எழுதாமல் எந்த நிதி விண்ணப்பத்தையும் நாங்கள் அனுப்பியதில்லை. ஃபெலோவாகச் சேர்ந்தோம், திட்ட அலுவலர் ஆனோம், கன்சல்டன்ட் ஆனோம், சிலர் இயக்குநர் நாற்காலி வரைக்கும் போய்விட்டோம். எங்களைத் தெருத்தெருவாக அழைத்துப்போய், எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார், எந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நின்றது என்று காட்டிக்கொடுத்த அக்கா அன்று பார்த்த வேலையைத்தான் இன்றும் பார்க்கிறார். அவருக்கு மேலே ஏறப் படி ஒன்று வைக்கவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

2005இல் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தோடு ஆஷா பணியாளர்கள் வந்தார்கள். 1000 பேருக்கு ஒருவர், அந்த ஊர்ப் பெண்ணாகவே இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. ஆனால் சம்பளம் கிடையாது; செய்த வேலைக்கு ஏற்ப ஊக்கத்தொகை. பிறந்த குழந்தையை 42 நாளுக்குள் ஆறேழு முறை வீட்டுக்குப் போய்ப் பார்க்க, எல்லாம் சேர்த்து 250 ரூபாய் என்று பின்னால் வகுத்தார்கள். மழையில் நடந்ததும் ராத்திரியில் எழுந்து ஓடியதும் அதற்குள் அடக்கம். எங்களைப் போன்றவர்கள்தான் இப்படிப்பட்ட கணக்குகளை எக்செல்லில் போடுகிறோம்.

இந்த வீட்டுப் பராமரிப்பு எங்கிருந்து வந்தது என்பது எங்களுக்கு நன்றாகவே தெரியும். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் மருத்துவர்கள் அபய் பங்கும் ராணி பங்கும் கிராமத்துப் பெண்களைப் பயிற்றுவித்து உருவாக்கியது அது. அந்தப் பெண்கள் குழந்தையை எடைபோட்டார்கள், மூச்சை எண்ணினார்கள், கிருமித்தொற்று என்று கண்டால் தாங்களே ஊசியும் போட்டார்கள். பச்சிளம் குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்ததை 1999இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. வகுப்பில் நாங்கள் அதைப் படித்து வியந்தோம். 2011இல் அதே முறையை நாடு முழுக்க ஆஷாக்களிடம் கொடுத்தபோது ஊசி மட்டும் அவர்கள் கைக்கு வரவில்லை. எடைபோடலாம், படிவம் நிரப்பலாம், ஆபத்து தெரிந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். பேருந்து இல்லாத மலைக்கிராமத்தில் அனுப்புவது என்றால் என்ன என்று கேட்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள். அச்சமயம் படிவத்தில் எத்தனை கட்டம் இருக்கவேண்டும் என்று விவாதித்துக்கொண்டிருந்தோம்.

2022இல் உலக சுகாதார அமைப்பு ஆஷாக்களுக்கு விருது அறிவித்தது. எல்லோரும் வாழ்த்தைப் பகிர்ந்தோம். 2025இல் கேரளத்தில் ஊதிய உயர்வு கேட்டு ஆஷாக்கள் தலைமைச் செயலகத்தின் முன் மாதக்கணக்கில் உட்கார்ந்தபோது எங்களில் பலருக்கு வாய் திறக்கவில்லை. அரசோடு ஒப்பந்தம் இருக்கிறதே!

பள்ளிக்கூடப் பக்கமும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்கவேண்டும், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தீட்டும் பொறுப்பே அவர்களுடையது. கூட்டம் நடந்த நேரத்தில் அந்தத் தாய்மார்கள் நூறு நாள் வேலையில் நின்றார்கள். தீர்மானப் புத்தகம் வீடு தேடிப் போய்க் கையெழுத்து வாங்கி வந்தது. நாங்கள் கையெழுத்துகளை எண்ணி டேஷ்போர்டில் பச்சை நிறம் ஏற்றினோம். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் சாயங்கால வகுப்பெடுத்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய். பிள்ளைகள் எவ்வளவு கற்றார்கள் என்று அளந்தோம். அந்தப் பெண்கள் அடுத்து எங்கே போவார்கள் என்ற கேள்வி எங்கள் கேள்வித்தாளில் இல்லை.

வேறு வழியே இல்லை என்று சாக்குச் சொல்லவும் முடியாது. கூடலூரில் ஆதிவாசி மக்களின் சங்கத்திலிருந்து ஆஸ்பத்திரியே வளர்ந்தது. பணியர், பெட்டக்குறும்பர் வீட்டுப் பெண்கள் செவிலியராகி அதை நடத்துகிறார்கள், நிர்வாகத்திலும் உட்கார்கிறார்கள். தருமபுரி மாவட்டத்தின் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்லிங்கியில் 1993இல் மருத்துவர்கள் ரெஜியும் லலிதாவும் குடிசையில் தொடங்கிய மருத்துவமனையில் பழங்குடிப் பெண்கள் பயிற்சி பெற்றுப் பிரசவம் பார்க்கிறார்கள். இரண்டு இடங்களுக்கும் வேன் பிடித்துப் போய்ப் பார்த்தோம். சாப்பாடு நன்றாக இருந்தது. திரும்பி வந்து, ‘தனிமனிதர்களின் அர்ப்பணிப்பைச் சார்ந்தது, பெரிய அளவில் விரிவாக்குவது கடினம்’ என்று அறிக்கை எழுதினோம். அங்கே முப்பது ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகப் பொறுப்பு கைமாறியிருக்கிறது. எங்கள் திட்டங்களுக்கு ஆயுள் மூன்று ஆண்டு. முடிவெடுக்கும் உரிமையைக் கொடுப்பதற்கு எந்தக் காலாண்டிலும் இலக்கு வைத்ததில்லை.

இப்போது அடுத்த ஆண்டுக்கான பட்ஜெட் போடும் நேரம். நிதி தருபவர் பத்து விழுக்காடு குறைக்கச் சொன்னால் முதலில் எதை வெட்டுவோம் என்று எங்கள் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: ஊர்த் தன்னார்வலர்களின் பயணப்படி. எங்கள் விமான டிக்கெட் அதற்குக் கீழே மூன்றாவது வரியில் இருக்கிறது.