உப்புத்தாள் பிடிக்கும் கை

இந்த வாரம் முழுக்க ஒரு விளம்பரப் பலகை என்னை எரிச்சலில் வைத்திருந்தது. தேனியிலிருந்து போடி போகும் சாலையில் புதிதாக முளைத்திருக்கிறது. கறுப்பு ஜீப் ஒன்று பாறைமேல் ஏறி நிற்கும் படம். கீழே கொட்டை எழுத்தில்: ‘உங்கள் வண்டிக்கு இரும்புக் கவசம். காலையில் விடுங்கள், மாலையில் எடுங்கள்.’

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு இப்படிப்பட்ட வாக்குறுதிகளோடு எனக்கிருக்கும் பழைய பகை தெரியும். தளத்துக்குத் தண்ணீர் கட்டாமல் அவசரமாக சென்ட்ரிங் பிரிப்பவர்களைப் பற்றி எழுதியபோது வந்த கடிதங்கள் இன்னும் மேசைமேல் கிடக்கின்றன. அந்தக் கோபம் ஆறுவதற்குள் இது.

பலகையைப் பார்த்த மறுநாள், போடியில் நண்பர் ஒருவரின் ஜீப்பைப் பார்த்தேன். ஏலத் தோட்டத்துக்கு ஆளும் மூட்டையும் ஏற்றிப் போகிற பழைய மகிந்திரா எம்எம் 540. மழைக்கு முன்னால் எங்கோ ஒரு பட்டறையில் விட்டு, உடம்பு முழுக்கக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தார். மழை முடிந்ததும் பின்பக்க மட்கார்டில் பூச்சின் ஓரம் தூக்கிக்கொண்டுவிட்டது. நகத்தை உள்ளே விட்டு இழுத்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரே துண்டாக உரிந்து வந்தது. அடியில் பழைய பச்சை பெயிண்ட், கடைசியாகப் பாலிஷ் போட்ட அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே மின்னியது. ஒரு கீறல்கூட இல்லை. “தாங்கும்னு சொல்லித்தானண்ணே காசு வாங்கினாங்க” என்றார் நண்பர்.

பூச்சைக் குறை சொல்ல மாட்டேன். பிக்கப் வண்டிகளின் சரக்குத் தொட்டிக்குள் அடிப்பதற்காக வந்த பாலியூரித்தேன் பூச்சு இது. ‘ராப்டர்’ என்ற பிரிட்டிஷ் சரக்கைத்தான் நம் ஊர்ப் பட்டறைகளில் அதிகம் சொல்கிறார்கள். மூன்று பங்கு பூச்சுக்கு ஒரு பங்கு ஹார்டனர் கலந்து, நன்றாகக் குலுக்கி, அதற்கென்றே உள்ள துப்பாக்கியால் அடிப்பார்கள். காய்ந்தால் தடிமனாக, சொரசொரப்பாக நிற்கும். காட்டுப் பாதையில் முள்ளும் கிளையும் உரசினால் சாதா பெயிண்ட் கீறுகிற மாதிரி இது கீறாது. ஆனால் எதன்மேல் அடிக்கிறோமோ அதைப் பிடித்துக்கொண்டால்தான் இவ்வளவும். வாசல் பெருக்கித் தெளிக்காமல் போட்ட கோலம் எவ்வளவு நேரம் நிற்கும்?

அடிப்பதற்கு முந்தைய வேலைதான் முக்கால்வாசி வேலை. பம்பர், விளக்கு, கதவுக் கைப்பிடி, ரப்பர் பீடிங் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கழற்றச் சோம்பி டேப் ஒட்டி அடித்தால், டேப்பை உரிக்கும்போதே பூச்சின் விளிம்பும் தூக்கும்; தண்ணீர் அங்கேதான் முதலில் நுழையும். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவுவது. மட்கார்டின் உள்மடிப்பில் அடைந்த சேறு சும்மா பீய்ச்சினால் போகாது, குச்சி விட்டுக் கிளற வேண்டும்.

அடுத்ததில்தான் பெரும்பாலான பட்டறைகள் வரிசையை மாற்றிவிடுகின்றன. எண்ணெய்ப் பசையை முதலில் எடுத்துவிட்டுத்தான் உப்புத்தாளைத் தொட வேண்டும். மாற்றிச் செய்தால் தாள் போடும் ஒவ்வொரு கீறலுக்குள்ளும் மெழுகையும் சிலிக்கானையும் நாமே தேய்த்து ஏற்றுகிறோம். டயரும் டாஷ்போர்டும் பளபளக்க அடிக்கிறார்களே, அந்தப் பாலிஷில் இருப்பது சிலிக்கான்தான். துளி இருந்தாலும் அந்த இடத்தில் பூச்சு ஒதுங்கி வட்டக் குழி விழும். பெட்ரோலில் நனைத்த ஒரே பழந்துணியால் வண்டி முழுக்கத் துடைப்பது, அழுக்கை இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுக்கு மாற்றுகிற வேலை. இரண்டு சுத்தமான துணி வேண்டும். ஒன்று கரைப்பானில் நனைத்தது, மற்றது காய்ந்தது. முதல் துணி கரைத்ததை, அது ஆவியாகும் முன் இரண்டாவது துணி ஒற்றி எடுத்துவிட வேண்டும். சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க மருந்து எதுவும் வேண்டாம், தண்ணீர் போதும். ஊற்றிய தண்ணீர் ஒரே ஏடாகப் பரவி நின்றால் சரி. முத்து முத்தாகத் திரண்டால் பசை இன்னும் இருக்கிறது.

அதன் பிறகு உப்புத்தாள். நல்ல நிலையில் உள்ள பழைய பெயிண்டுக்கு 180-லிருந்து 280 வரையிலான நம்பர் தாள். எங்கும் மினுக்கம் இருக்கக் கூடாது. மூலை, கீல் சந்து, மடிப்பு இங்கெல்லாம் மெஷின் போகாது. விரலால்தான் தேய்த்தாக வேண்டும். உரிவதும் அங்கேதான் தொடங்கும். புது வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கம்பெனியில் வண்டியின் கூட்டையே தொட்டிக்குள் முக்கி, மின்சாரம் பாய்ச்சி ஒரு பிரைமர் ஏற்றியிருக்கிறார்கள். துருவுக்கு அதைவிட நல்ல காவல் எந்தப் பட்டறையிலும் கிடைக்காது. கிரைண்டரை வைத்து அதைத் தகரம் தெரிய வழித்துவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. மேல்பூச்சின் மினுக்கத்தை மட்டும் எடுத்தால் போதும்.

நண்பரின் ஜீப்பில் இன்னொரு கொடுமையும் இருந்தது. தளத்தகரமும் பக்கத் தகரமும் சேரும் வெல்டிங் ஓரத்தில் பூச்சை அழுத்தினால் உள்ளே ‘நொறுக்’ என்றது. கிழித்தால் ஈரமான பழுப்புத் தூள். துருவின்மேலேயே அடித்திருக்கிறார்கள். இரும்பு துருவாகும்போது முன்னைவிட அதிக இடம் பிடிக்கும். தன்மேல் இருப்பதைத் தள்ளித் தூக்கும். சாதா பெயிண்ட் சீக்கிரமே கொப்புளித்துக் காட்டிக்கொடுத்துவிடும். தடித்த பூச்சு காட்டாது. தகரம் ஓட்டையாகும் வரை வெளியே அழகாகவே இருக்கும். உளுத்த இடத்தை வெட்டி எறிந்து புதுத் தகரம் வைத்து வெல்டு செய்ய வேண்டும். மேல்துருவைக் கம்பிப் பிரஷால் வெள்ளை இரும்பு தெரியச் சுரண்ட வேண்டும். குழிக்குள் மிஞ்சியதற்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த மருந்து. அதை நன்றாகக் கழுவிக் காயவைத்து எபாக்சி பிரைமர், இணைப்புகளுக்கு சீலர். மழை ஈரம் உள்ள நாளாக இருந்தால், தகரத்தின் சூடு பனி படியும் வெப்பநிலையைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத ஈரத்தின்மேல் அடிப்போம். இதெல்லாம் காலையில் விட்டு மாலையில் எடுக்கிற வேலையா?

எனக்கு மிகவும் பிடித்த புத்தகங்களில் ஒன்றைப் பற்றி இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. கதையோ கவிதையோ இல்லை, துருப்பிடித்த இரும்பின் வண்ணப் படத் தொகுப்பு. 1967-இல் சுவீடன் வெளியிட்ட தரநூல். பின்னாளில் ஐஎஸ்ஓ 8501-1 என்று உலகத்துக்கே பொதுவானது. பூச்சு அடிக்கும் முன் இரும்பு எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதுதான் பொருள். ‘சுத்தமாகச் சுரண்டிவிட்டேன்’ என்பார் ஒருவர், ‘இல்லை’ என்பார் இன்னொருவர். அந்தச் சண்டையைத் தீர்க்கப் படத்தை எடுத்து இரும்பின் பக்கத்தில் வை, பகல் வெளிச்சத்தில் வெறுங்கண்ணால் ஒப்பிட்டுப் பார் என்றது அந்த நூல். துருவுக்கே ஏ, பி, சி, டி என நான்கு படி. ஏ என்பது ஆலையிலிருந்து வந்த கருஞ்செதில் போகாமல் ஒட்டியிருக்கும் தகடு. டி என்பது செதிலெல்லாம் போய், கண்ணுக்கே குழி குழியாகத் தெரிவது. கையாலும் கருவியாலும் சுரண்டியதற்கு எஸ்டி 2, எஸ்டி 3. மணல் வீசிச் சுத்தம் செய்ததற்கு எஸ்ஏ 1 முதல் எஸ்ஏ 3 வரை. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எஸ்ஏ 2½ என்று ஒன்று இருக்கிறது, புள்ளியும் கோடுமாக லேசான கறை மட்டும் மிஞ்சலாம் என்று. பாலங்களுக்கும் கப்பல்களுக்கும் இன்றும் அந்த இரண்டரையைத்தான் ஒப்பந்தங்களில் கேட்கிறார்கள். மணல் வீசும் முன்பே எண்ணெயையும் பசையையும் எடுத்துவிடு என்று அதிலும் எழுதியிருக்கிறது. ஒரு பரப்பை இவ்வளவு பொறுமையாக, இவ்வளவு நேர்மையாகப் பார்த்த மனிதர்கள்மேல் எனக்குத் தீராத மரியாதை.

இரும்பின் நிலைக்கு இத்தனை படிகள் வைத்திருக்கிறோம். அதைத் தேய்க்கிறவரின் நிலையை யார் பார்த்தார்கள்?

ஜீப்பை இப்போது தேனியில் வேறொரு பட்டறையில் விட்டிருக்கிறோம். அங்கே தேய்ப்பு வேலைக்கென்றே ஒரு பெரியவர் இருக்கிறார். பட்டி காய்ந்த கதவின்மேல் மெல்லிய துணியை விரித்து, துணியோடு சேர்த்து உள்ளங்கையால் மெதுவாகத் தடவுகிறார். துணி இருந்தால் கை வழுக்கிப் போகும், மேடு பள்ளம் தனியாகத் தெரியும். “இங்க ஒரு பள்ளம் கிடக்கு சார், தடவிப் பாருங்க” என்றார். தடவினேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டு நீளக் கட்டையில் தாளைச் சுற்றிக் குறுக்காக இழுத்தார். வட்டத்துக்குள் மட்டும் தாள் படாமல் நின்றது. அந்த விரல்களில் ரேகை இல்லை. காலமெல்லாம் வாட்டர் பேப்பரோடு சேர்ந்து தேய்ந்து போயிருக்கிறது. ரேஷன் கடையில் மெஷின் அவருடைய விரலை ஏற்பதில்லையாம். மகளைக் கூட்டிப் போய்த்தான் அரிசி வாங்குகிறார்.

பில்லில் அவருக்கு இடமில்லை. ‘கோட்டிங்’ என்று ஒரே வரி, அதற்கெதிரே ஒரு தொகை. துப்பாக்கி பிடிப்பவரை வீடியோ எடுத்து விளம்பரம் செய்கிறார்கள். தேய்ப்பவருக்கு நாள் கூலி, அதுவும் பட்டறையிலேயே குறைந்த கூலி. பேரம் பேசி விலையைக் குறைக்கிறோமே, அந்தப் பணம் பூச்சு டப்பாவிலிருந்து குறைவதில்லை. டப்பாவுக்கு விலை ஒன்றுதான். தேய்க்கும் நேரத்திலிருந்துதான் குறைகிறது. நண்பரின் மட்கார்டில் நான் பார்த்த அந்த மினுக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

கூலியைவிடப் பெரிய கவலை மூச்சு. பழைய வண்டிகளின் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டு பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-இல் விதி வந்தது. அது வீட்டுக்கும் அலங்காரத்துக்குமான பெயிண்டுக்கு மட்டும், வண்டி பெயிண்டுக்கு இல்லை. தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூசி அடங்கும். ஆனால் வெறும் தகரத்தில் தண்ணீர் பட்டால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துரு பூக்கும், பட்டியும் ஈரத்தை உறிஞ்சும். அதனால் காயவைத்தே தேய்க்கிறார்கள், தூசியையும் அவரே குடிக்கிறார். தூசியை உடனுக்குடன் இழுத்துக்கொள்ளும் குழாய் வைத்த மெஷின்கள் இருக்கின்றன. நான் பார்த்த பட்டறைகளில் அது இல்லை.

பூச்சின் ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். அடிக்கும்போது கிளம்பும் அந்தப் புகை மூட்டம் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருமுறை உடம்பு அதற்குப் பகையாகிவிட்டால் பிறகு மிகக் கொஞ்சம் பட்டாலே மூச்சு இழுக்கும். அந்தத் தொழிலையே விட்டுவிட வேண்டியதுதான். மூக்கில் கட்டும் கைக்குட்டையால் பயனில்லை. வெளியிலிருந்து சுத்தமான காற்றுக் குழாய் வரும் முகமூடிதான் சரியான பாதுகாப்பு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில், அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் அட்டவணையில் ஐசோசயனேட் நச்சையும் சேர்த்திருந்தார்கள். ஆனால் அந்தச் சட்டப்படி, மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலையாக இருந்தது. நம் பட்டறைகளில் நான்கு பேர், ஐந்து பேர். நோய்க்குச் சட்டத்தில் பெயர் இருந்தது, இவர்களுக்கு இல்லை.

தேனிப் பட்டறைக்காரரிடம் பில்லை இரண்டாகப் பிரித்துக் கேட்டிருக்கிறோம்: கழற்றுவது, கழுவுவது, துரு எடுப்பது, தேய்ப்பது ஒரு தொகை, பூச்சு இன்னொரு தொகை. முதல் தொகையில் பேரம் பேசுவதில்லை என்று நண்பர் ஒப்புக்கொண்டார். காற்றுக்குழாய் முகமூடிக்கும், தூசி இழுக்கும் மெஷினுக்கும் பாதி விலையை நாங்கள் தருகிறோம் என்றோம். பட்டறைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். வண்டி வைத்திருக்கும் வாசகர்கள் உங்கள் ஊர்ப் பட்டறையிலும் இந்த இரண்டு பில்லைக் கேளுங்கள். தேய்ப்புக்கு என்ன தொகை போட்டார்கள், தேய்க்கிறவர் கைக்கு அதில் எவ்வளவு போனது என்று எனக்கு எழுதுங்கள். வருகிற கணக்கை ஊர்வாரியாக இதே இடத்தில் வெளியிடுகிறேன்.