இலை என்றாலே எருவா?

இயற்கை விவசாயம் பேசும் நண்பர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் "இலை எதுவானாலும் மண்ணில் போடுங்கள், எருவாகிவிடும்" என்று அவர்களில் சிலர் சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்டு இனியும் சும்மா இருக்க முடியவில்லை. எல்லா இலையும் எரு அல்ல. குறிப்பாக சைப்ரஸ் இலை.

சைப்ரஸுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். சம்பந்தம் வந்துவிட்டது. வில்லியனூர்ப் பக்கம், நேற்றுவரை நெல் விளைந்த நிலத்தில் போட்ட மனைப்பிரிவு ஒன்றின் வாசலில் பொன்னிறச் சைப்ரஸ் வரிசைகட்டி நிற்கிறது. அழகுக்கு வைத்தார்கள், சரி. கத்தரித்த இலையைக் குடியிருப்போர் சங்கம் சாக்கில் கட்டி, மூடாக்குப் போடச் சொல்லி வீடுவீடாக இலவசமாய்க் கொடுக்கிறது. அங்கே இருக்கும் என் மைத்துனர் அதைக் கீரைப் பாத்தியில் பரப்பினார். நாலில் ஒரு பங்குகூட முளைக்கவில்லை. கேட்டதற்கு, "விதை பழசு சார்" என்றார்களாம்.

விதை பழசாகவும் இருக்கலாம். ஆனால் வாய் பேசாததன் மேல் பழியைப் போட்டுக் கோப்பை மூடுவது என்ன வித்தை என்பது, முப்பத்துச் சொச்சம் வருஷம் கோப்புகளோடு குடித்தனம் நடத்திய எனக்குத் தெரியாதா?

அந்த இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். பெயிண்ட் கலக்கும் டர்பன்டைன் நெடி கொஞ்சம் அடிக்கும். காரணம் உண்டு. இரண்டிலும் இருப்பது ஆல்ஃபா பைனீன் என்ற பொருள். சைப்ரஸ் இலை எண்ணெயில் அதுதான் பெரும்பங்கு. கூடவே கரீன், லிமோனீன், செட்ரால் என்று ஒரு கூட்டமே உண்டு. 2006-இல் சண்டிகரில் உள்ள பஞ்சாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இந்த ஆல்ஃபா பைனீன் இளம் வேரின் வளர்ச்சியைத் தடுத்து, வேர்ச் செல்களின் சவ்வையே சேதப்படுத்துகிறது என்று காட்டினார்கள். எண்ணெயாவது காற்றில் பறக்கும். இலையில் உள்ள டானின், பீனாலிக் அமிலங்கள் மழையிலும் நாம் ஊற்றும் தண்ணீரிலும் கரைந்து நேரே விதைக்குப் போகும். எத்தியோப்பிய மலைநாட்டில் நட்ட சைப்ரஸ், யூகலிப்டஸ் இலைகளைத் தண்ணீரில் ஊறவைத்து, கொண்டைக்கடலை, பட்டாணி, மக்காச்சோளம், அவர்களுடைய டெஃப் தானியம் ஆகியவற்றில் சோதித்த ஆய்வு 1993-இல் வெளிவந்தது. பெரும்பாலான பயிர்களில் முளைப்பும் வேரும் குறைந்தன. ஒரு செடி தன் ரசாயனத்தால் இன்னொரு செடியைப் பாதிப்பதற்கு அல்லெலோபதி என்று 1937-லேயே ஹான்ஸ் மோலிஷ் பெயர் வைத்துவிட்டார். புதுச் சங்கதி ஒன்றுமில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் அரிவாளைத் தூக்க வேண்டாம். பள்ளியில் எங்களுக்கு இந்த மரம் 'சிப்ரே'. பிரான்சின் தெற்கே, ப்ரொவான்ஸில், மிஸ்த்ரால் என்ற வடகாற்று காய்கறித் தோட்டங்களைச் சாய்த்துவிடாமல் இருக்கச் சைப்ரஸைத்தான் வேலியாக நடுகிறார்கள். வான் கோ 1889-இல் வரைந்த படத்தில் கோதுமை வயலை ஒட்டியே அது நிற்கிறது. மரம் வரப்பில் நிற்பது வேறு, இலையை வாரி விதையின் தலையில் கொட்டுவது வேறு. ஆய்வுக்கூடத் தட்டில் விழும் அளவு வயலில் அப்படியே விழுவதில்லை. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் நாளடைவில் இதையெல்லாம் சிதைத்துவிடும். ஆகவே நன்றாக மக்கட்டும், பிறகு போடுங்கள். அதுவரை நடைபாதையில் கொட்டுங்கள்.

நம் பெரியவர்கள் தாளடியில் மிதித்தது எருக்கு, புங்கம், பூவரசு, கொளுஞ்சி. ஊரைச் சுற்றிச் சவுக்குத் தோப்பு இருந்தும் சவுக்குச் சருகை யாரும் வயலுக்குக் கொண்டுபோனதில்லை. அது அடுப்புக்குப் போயிற்று. வேதியியல் படித்தா செய்தார்கள்? தோப்புக்குள் புல் முளைக்கத் திணறுவதைக் கண்ணால் பார்த்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அதே சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் இன்னொரு செய்தி வந்தது: சைப்ரஸ் இலைக் கஷாயம் இயற்கைக் களைக்கொல்லியாம்! முந்தின வாரம் எரு, இந்த வாரம் களைக்கொல்லி. களையைக் கொல்லும் இலை கீரையை மட்டும் ஆதார் அட்டை பார்த்து விட்டுவிடுமா? 'இயற்கை' என்ற முத்திரை குத்திவிட்டால் மேலே எழுத்தும் வேண்டாம், கேள்வியும் வேண்டாம் என்று நினைக்கிறார்கள். எட்டிக்கொட்டையும் இயற்கைதான், அரளியும் இயற்கைதான்.

நான் சொல்வதையும் நம்ப வேண்டாம். ஒரே பொட்டலத்து வெந்தயத்தை இரண்டு தட்டில் ஈரத்துணி மேல் பரப்புங்கள். ஒன்றுக்கு வெறும் தண்ணீர். மற்றதற்குச் சைப்ரஸ் இலை ஒரு நாள் ஊறிய தண்ணீர். நாலாம் நாள் வேரை அளந்து பார்த்துவிட்டு, இரண்டு தட்டையும் அடுத்த சங்கக் கூட்டத்தில் மேசைமேல் வையுங்கள்.